போட்டோ ஒட்டிய பழைய தாள்கள்... கொலராடோவில் ஒரு சான்றிதழ் தேடல்!

பெரியப்பாவின் செல்போனில் ஒரு பி.டி.எஃப். இருக்கிறது. மேலே அரசு முத்திரை மாதிரி ஒன்று. கீழே யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து. நடுவில் எங்கள் வீட்டுக் காசின் படம். ‘இந்த நாணயம் அசல், மதிப்பு 15 லட்சம் ரூபாய்’ என்று தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த ஒரு தாளுக்காகப் பெரியப்பா கட்டிய பணம் 26,450 ரூபாய்.

விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். தாத்தா விட்டுப்போன பெரிய செப்புக் காசு ஒன்று சாமி அலமாரியில், மஞ்சள் துணிக்குள் பல வருடங்களாக இருந்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். இன்னொரு பக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818’ என்ற எழுத்து. ‘பழைய காசு இருக்கா? நீங்களும் லட்சாதிபதி’ என்று செல்போனில் ஓடிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தக் காசை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார் பெரியப்பா. பத்தே நிமிடத்தில் பதில். பதிவுக் கட்டணம் 2,950. அப்புறம் ‘ஜி.எஸ்.டி.’ 9,500. கடைசியாக ‘சான்றிதழ் கட்டணம்’ 14,000. அதோடு அந்த எண் அணைந்துபோனது.

பெரியம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக எடுத்து வைத்திருந்த பணம் அது. ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு வீட்டில் யாரும் திட்டவும் இல்லை. ஆனால், தெருமுனை டீக்கடைக்குப் போவதைக்கூடப் பெரியப்பா நிறுத்திவிட்டார்.

“பணம் போனதுகூடப் போகட்டும் பாப்பா. அந்தத் தாளை உண்மைன்னு நம்பினேன் பாரு... நீ பத்திரிகைக்காரிதானே, சொல்லு. அசல் சர்டிஃபிகேட்னா எப்படித்தான் இருக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினேன்.

காசு பிறக்கும் ஊர்

அக்கா இருப்பது கொலராடோ மாநிலத்தின் தலைநகரான டென்வரில். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவைத் துணைக்கு அழைத்துப்போய் விட்டுவிட்டு வருவதுதான் என் வேலை. கையில் பத்து நாள் விடுமுறை. அக்டோபர் மாதம். மலைச்சரிவெல்லாம் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால், மலைக்கு யாரோ மஞ்சள் பூசிவிட்ட மாதிரி இருந்தது.

கிளம்பும் முன்பே கொஞ்சம் தேடிப் படித்திருந்தேன். காசுக்குப் போட்டோவோடு சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் பெரிய அளவில் பரப்பியது அங்குள்ள நாணயவியல் சங்கம். அதன் தலைமையகம் டென்வரிலிருந்து தெற்கே சுமார் 110 கிலோமீட்டரில், கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அதற்கு முன்னால் அத்தான் என்னை டென்வரிலேயே ஓர் இடத்துக்கு அழைத்துப்போனார். அமெரிக்க அரசின் நாணயச் சாலை. இத்தாலி நாட்டு அரண்மனை ஒன்றைப் பார்த்துக் கட்டிய கல் கட்டடம். 1906 முதல் இங்கே காசு அடிக்கிறார்கள். சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. உள்ளே படம் எடுக்க முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடித்து முடித்த காசுகள் நெல் கொட்டுவதுபோலக் கொட்டுகின்றன.

“இங்க அடிக்கிற காசுல ஒரு சின்ன ‘டி’ எழுத்து இருக்கும். டென்வர்னு அடையாளம்” என்று சொல்லி, அத்தான் தன் பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. கடுகு அளவுகூட இல்லாத எழுத்து. அந்த எழுத்துதான் நான் தேடிவந்த கதையின் தொடக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மலையடிவாரத்தில் ஒரு காசு வீடு

கொலராடோ ஸ்பிரிங்ஸ் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊருக்கு மேற்கே எங்கிருந்து பார்த்தாலும் பைக்ஸ் பீக் மலை தெரிகிறது. 14,000 அடிக்கு மேல் உயரம். உச்சியில் அப்போதே பனி விழுந்திருந்தது. 1893-ல் இந்த ஊர்க் கல்லூரிக்குக் கோடைக்கால வகுப்பு எடுக்க வந்த காதரின் லீ பேட்ஸ் என்ற பேராசிரியை, அந்த மலையுச்சிக்குப் போய்ப் பார்த்த காட்சிதான், அமெரிக்கர்கள் இன்றும் பாடும் ஒரு தேசபக்திப் பாட்டுக்குக் காரணமாக இருந்தது.

அதே கொலராடோ கல்லூரி வளாகத்தில், மரங்கள் அடர்ந்த கேஸ்கேட் அவென்யூவில் இருக்கிறது அமெரிக்க நாணயவியல் சங்கம். 1891-ல் சிகாகோவில் தொடங்கிய சங்கம், 1967-ல் இங்கே சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. ஒரே கட்டடத்தில் நாணய அருங்காட்சியகம், நூலகம், அலுவலகம் எல்லாம்.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் தேடிப்போய் நிற்பது ஒரு வெள்ளி டாலர் முன்னால். அதில் 1804 என்று இருக்கும். ஆனால், அது 1804-ல் அடித்ததே இல்லை! அந்த ஆண்டைப் போட்டு முதலில் டாலர் அடித்தது 1834-35 வாக்கில். சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அமெரிக்க அரசு சார்பில் பரிசாகக் கொடுக்க அடித்தார்கள். பிறகு சில காசுகளை அதற்கும் பல வருடங்கள் கழித்து நாணயச் சாலைக்குள்ளேயே அடித்திருக்கிறார்கள். இங்கே இருப்பது அந்தக் கடைசி ரகம். மொத்தமே 16 காசுகள்தான் உலகில் இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது.

காசின் மேல் இருக்கும் வருடம் அது பிறந்த வருடமாக இருக்க வேண்டியதில்லை. எனக்குப் பெரியப்பாவின் 1818 நினைவுக்கு வந்தது.

ஆல்பத்தில் சான்றிதழ்கள்

நூலகத்தில் என் தேடலைச் சொன்னபோது, பக்கத்து மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். “பேர் எல்லாம் போட வேண்டாம். வீட்டில் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று என் மனைவிக்கே தெரியாது” என்று சிரித்தார். அவர் சேகரிப்பது காசு இல்லை. காசுக்குக் கொடுத்த சான்றிதழ்களை! அதிலும், 1972 முதல் 1980-களின் கடைசி வரை வந்த பழைய போட்டோ சான்றிதழ்களை மட்டும்.

மறுநாள் அவரே ஓர் ஆல்பத்தோடு வந்தார். கல்யாண ஆல்பத்தைத் திறப்பதுபோல மெதுவாகத் திறந்தார். ஒவ்வொரு பிளாஸ்டிக் உறைக்குள்ளும் ஒரு தாள். தாளில் ஒரு காசின் இரண்டு பக்கங்களும் பெரிதாக, கறுப்பு வெள்ளை போட்டோவில். மேலே ஒரு பதிவு எண், தேதி. சங்கத்தின் முத்திரை மையில் குத்தியது இல்லை, அழுத்திப் பதித்தது. விரலால் தடவினால் மேடு தெரிகிறது.

“இது வாஷிங்டன் காலத்தது. இதைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம்” என்று ஒன்றைக் காட்டினார்.

அந்தக் கதை இது. 1960-களின் கடைசியில் அமெரிக்கச் சந்தையில் போலிக் காசுகள் குவிந்தன. முக்கியமாகத் தங்கக் காசுகள். பழைய தங்கக் காசுக்கு அதில் இருக்கும் தங்கத்தைவிட அதிக விலை கிடைத்ததால், சரியான எடையில், சரியான தங்கத்திலேயே போலி அடித்தார்கள்! உரைகல்லில் தேய்த்தாலும் தங்கம்தான். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு போலிக்காரர் இன்னும் ஒருபடி மேலே போய், தான் அடித்த 20 டாலர் தங்கக் காசில், கழுகின் நகத்துக்குள் ‘ஒமேகா’ என்ற கிரேக்க எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கையெழுத்துபோலப் பதித்துவைத்தார். அந்த அளவுக்குத் துணிச்சல்.

சேகரிப்பாளர்களின் நம்பிக்கை ஆடிப்போனது. அதனால், 1972 ஜூனில் நாணயவியல் சங்கம் ஒரு சான்றளிப்புப் பிரிவைத் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘அனாக்ஸ்’ என்று அழைத்தார்கள். முதல் இயக்குநர் சார்லஸ் ஹாஸ்கின்ஸ். அரசின் நாணயத் துறை பக்கத்திலேயே இருக்கட்டும் என்று தலைநகர் வாஷிங்டனில் அலுவலகம் போட்டார்கள். மறு வருடம் 1973-ல், நகல் காசுகளில் ‘நகல்’ என்று கட்டாயம் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்தது. 1976-ல் அனாக்ஸ் இந்த மலையடிவார ஊருக்கு மாறியது. அதனால், வாஷிங்டனில் கொடுத்த தாள்கள் நான்கு வருடச் சரக்குதான்.

ஓர் எழுத்து, ஒரு மைக்ரோஸ்கோப்

ஆல்பத்தின் நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். 1916-ல் அடித்த 10 சென்ட் காசின் சான்றிதழ். அங்கே அதை ‘டைம்’ என்பார்கள். நம் ஒரு ரூபாயைவிடச் சின்னது. எடை இரண்டரை கிராம்.

“நேற்று டென்வர் நாணயச் சாலைக்குப் போனேன் என்றாயே, இது அங்கே பிறந்த காசு” என்றார்.

1916-ல் இந்தப் புதிய வடிவத்தில் பிலடெல்பியா நாணயச் சாலை 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் அடித்துத் தள்ளியது. டென்வர் அடித்தது வெறும் 2,64,000. இரண்டும் பார்க்க ஒன்றுதான். வித்தியாசம், பின்பக்கத்தில் இருக்கும் அந்தக் கடுகு ‘டி’. அது இல்லாவிட்டால் சாதாரண வெள்ளிக் காசு. இருந்தால், நன்கு தேய்ந்த காசுகூட நூற்றுக்கணக்கான டாலர். விட்டுவைப்பார்களா? பிலடெல்பியா காசில் ஒரு ‘டி’யை ஒட்டிவிட்டார்கள்.

இதைப் பிடிப்பது எப்படி? முதலில் எடை. அடுத்து அளவு. தேவைப்பட்டால் காற்றில் ஒரு தடவை, தண்ணீருக்குள் ஒரு தடவை நிறுத்து, உலோகத்தின் அடர்த்தியைக் கணக்கிடுவது. ஆர்க்கிமிடீஸ் காலத்து வித்தைதான். அதன் பிறகு இரண்டு கண்ணாலும் பார்க்கும் மைக்ரோஸ்கோப். ஒட்டிய எழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு தெரியும். இன்னொரு சோதனையும் உண்டு. அந்த வருடம் டென்வரில் இந்தக் காசுக்குப் பயன்படுத்திய பின்பக்க அச்சுகள் நான்கே நான்கு. எந்த அச்சில் ‘டி’ எந்த இடத்தில், எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பது நிபுணர்களுக்கு மனப்பாடம். அந்த நான்கில் எதிலும் சேராத இடத்தில் எழுத்து இருந்தால், கதை முடிந்தது.

எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் போட்டோ. அந்தப் படத்தில் காசின் ஒவ்வொரு கீறலும் விழும். அதுதான் காசுக்கும் தாளுக்கும் இடையே உள்ள முடிச்சு. பின்னாளில் யாராவது வேறு காசை இந்தத் தாளோடு சேர்த்து விற்க வந்தால், படத்தில் கன்னத்தில் இருக்கும் கீறல் கையில் இருக்கும் காசிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் ஒன்றைக் கவனித்தேன். சான்றிதழில் எங்கேயும் விலை இல்லை.

“ஏன் போட வேண்டும்? அவர்கள் சொன்னது ‘எங்கள் கருத்தில் இது அசல்’ என்று மட்டும்தான். விலை சந்தையின் வேலை” என்றார்.

தாளைப் பிரிந்த காசுகள்

முதல் ஏழு வருடங்கள் அசலா போலியா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1979-ல்தான் காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று தரமும் போட ஆரம்பித்தார்கள். அதற்கு 70 வரை எண் உண்டு. வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்க செப்புக் காசுகளுக்காக 1949-ல் வெளியிட்ட அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கத்துக்கு ஒரு எண், பின்பக்கத்துக்கு ஒரு எண். பள்ளி மார்க் ஷீட் மாதிரி.

மார்க் வந்ததும் சண்டையும் வந்தது. மதிப்பெண் போடும் கண்டிப்பு வருடத்துக்கு வருடம் மாறியது. 80-களின் தொடக்கத்தில் 65 வாங்கிய காசு, சில வருடம் கழித்துப் போனால் 63 வாங்கும். ஆனால், பழைய தாளில் 65 என்றுதான் இருக்கும். இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் விலை பாதியாகும். இது போதாதென்று, சான்றிதழில் இருப்பது ஒரு காசு, விற்பது அதன் தம்பி என்ற மோசடியும் நடந்தது. போட்டோவை உற்றுப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் ஏமாந்தார்கள்.

1986-ல் கலிஃபோர்னியாவில் ஒரு தனியார் நிறுவனம் வேறு வழி கண்டுபிடித்தது. தாளே வேண்டாம், காசையே கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடு, தரத்தை உள்ளேயே எழுதிவிடு. அடுத்த வருடமே இன்னொரு நிறுவனமும் இறங்கியது. இதற்கு ‘ஸ்லாப்’ என்று பெயர். அனாக்ஸும் 1989-ல் பெட்டிக்கு மாறியது. 1990-ல் சங்கம் அனாக்ஸை ஒரு பதிப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பெயர் மட்டும் இன்றும் தொடர்கிறது.

“அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் காசைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டார்கள். தாளைக் குப்பையில் போட்டார்கள்.”

அப்படித் தூக்கிப்போட்டவற்றைத்தான் அவர் சேர்க்கிறார். பழைய கடைகளின் இழுப்பறையில், ஏலத்தில் வரும் பெட்டிகளின் அடியில், காசு இல்லாத தாள்கள் கிடைக்கும். அவற்றை அவர் ‘அநாதைகள்’ என்கிறார். இரண்டு தடவை மட்டும், பெட்டிக்குள் இருந்த ஒரு காசின் கீறலை அடையாளம் கண்டு, அதன் பழைய தாளோடு சேர்த்துவைத்திருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தொலைந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மாதிரி.

“இதற்கெல்லாம் பெரிய விலை கிடையாது. ஆனால், இந்தப் பொழுதுபோக்கே ஒரு காலத்தில் ஒருவர் கண்ணை நம்பித்தான் நடந்தது என்பதற்கு இதுதான் சாட்சி” என்றார்.

நாற்பது வருடம் அலமாரியில் கிடந்த ‘போலி’

நிபுணர் சொன்னால் முடிந்துவிட்டதா? அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். அந்தக் கதைக்கும் இதே கட்டடத்துக்கும் தொடர்பு உண்டு.

சுதந்திர தேவியின் தலை போட்ட ஐந்து சென்ட் காசு 1912-ஓடு நின்றுபோனது. ஆனால், 1913 என்று போட்டு யாரோ ரகசியமாக ஐந்து காசுகளை அடித்துவிட்டார்கள். உலகில் இருப்பது அந்த ஐந்துதான். அதில் ஒன்று ஜார்ஜ் வால்டன் என்ற சேகரிப்பாளரிடம் இருந்தது. 1962-ல் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய சேகரிப்பை ஏலம் விட்டபோது, இந்த ஒரு காசை மட்டும் ‘வருடத்தைத் திருத்திய போலி’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய சகோதரி அதைத் தூக்கிப் போடவில்லை. வீட்டு அலமாரிக்குள் பத்திரமாக வைத்தார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் வைத்திருந்தார்கள்.

2003-ல், காணாமல்போன ஐந்தாவது காசைக் கொண்டுவந்தால் பத்து லட்சம் டாலர் தருவதாக ஓர் அறிவிப்பு வந்தது. பால்டிமோரில் நடந்த நாணயவியல் சங்க மாநாட்டுக்கு அந்தக் குடும்பம் ‘போலி’யை எடுத்துப்போனது. மற்ற நான்கு காசுகளும் அங்கே வந்திருந்தன. இரவில் நிபுணர்கள் சேர்ந்து உட்கார்ந்து, ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அசல்! அதன் பிறகு சுமார் பத்து வருடங்கள் அந்தக் காசு இதே கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்திருந்தது. 2013-ல் ஏலத்தில் 31 லட்சம் டாலருக்கு மேல் போனது. இங்கே சங்கத்துக்குச் சொந்தமாகவே அந்த ஐந்தில் இன்னொன்று இருக்கிறது. நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தம்மாத்துண்டு காசு.

இந்தக் கதையைக் கேட்டதும் என் மனசுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்ததை மறைக்கமாட்டேன். அப்படியானால் நம் 1818 காசும்...?

“போட்டோவைப் பார்த்துச் சொல்ல மாட்டேன்!”

பெரியப்பாவின் காசை நான் கையோடு எடுத்துப்போகவில்லை. நூறு வருடம் தாண்டிய காசு நம் சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அசலோ போலியோ, 1818 என்று எழுதியிருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. செல்போனில் படம் மட்டும் இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“போட்டோவைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டேன். எனக்கு இந்தியக் காசு பற்றித் தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். கையில் வாங்கி, எடை போட்டு, விளிம்பைப் பார்க்காமல் சொல்வது கருத்து இல்லை, ஊகம்.”

ஆல்பத்தைக் காட்டினார். “இதில் எல்லாம் போட்டோ இருக்கிறது. ஆனால், காசைப் பார்த்து முடித்த பிறகு எடுத்த போட்டோ. முதலில் காசு, பிறகுதான் தாள்.”

பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அவர் கையில் இருந்த பி.டி.எஃப்.பில் எல்லாமே இருந்தது. முத்திரை, கையெழுத்து, எண், படம், மேலே விலையும்கூட. ஆனால், காசு அவர் வீட்டு அலமாரியைவிட்டு வெளியே போகவே இல்லை. ஒருவர்கூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்காத காசுக்குப் பத்து நிமிடத்தில் சான்றிதழ் வந்தபோதே விஷயம் முடிந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் பழைய காசு இருக்கிறதா?

ஊர் திரும்பியதும் இதை முதலில் எழுதிவைத்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

* பழைய காசு, நோட்டுகளை வாங்குவதிலும் விற்பதிலும் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்ட்டிலேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது. அதன் பெயரில் யார் பணம் கேட்டாலும் மோசடி.

* விற்க வேண்டிய நீங்கள் முதலில் பணம் கட்ட வேண்டும் என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

* காசை பிரஷ், புளி, பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். அசலாக இருந்தால் அதன் மதிப்பே அந்தப் பழைய நிறத்தில்தான்.

* பணத்தை இழந்துவிட்டால், வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். பெரியப்பா ஒரு மாதம் காத்திருந்தார். அந்த ஒரு மாதம்தான் மோசடிக்காரர்களுக்குக் கிடைத்த லாபம்.

* நிலத்துக்குள்ளிருந்து புதையலாகக் காசு கிடைத்தால், அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ல் இருந்தே இருக்கும் சட்டம்.

அப்புறம், ராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘1818 கம்பெனி காசு’ பற்றி. சென்னையில் ஆண்ட கம்பெனி, மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பெருமாள் உருவம் போட்ட தங்க வராகனை அடித்தது உண்மை. அதனால்தான் இந்தக் கதையும் நம்பும்படி இருக்கிறது. ஆனால், ராமர் பட்டாபிஷேகத்தோடு 1818-ல் கம்பெனி காசு வெளியிடவே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து, கோயில் ஊர்களிலும் திருவிழாக்களிலும் விற்ற வில்லைகள் இவை. நாடு முழுக்கப் பூஜை அறைகளில் இருக்கின்றன.

பெரியப்பா எழுதிய சான்றிதழ்

இதைப் பெரியப்பாவிடம் போனில் சொல்லத் தோன்றவில்லை. ஊருக்குப் போனேன். ஆல்பத்தின் கதை, ஒட்டவைத்த ‘டி’, அலமாரியில் கிடந்த ஐந்து சென்ட் எல்லாவற்றையும் சொன்னேன். பேசாமல் கேட்டவர், உள்ளே போய் மஞ்சள் துணியை எடுத்துவந்தார்.

“வா, நாமளும் கையில வாங்கிப் பார்ப்போம்.”

தெரிந்த நகைப்பட்டறைக்குப் போனோம். ஆசாரி தராசில் வைத்தார். 21.4 கிராம். அவர் தன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, விளக்குக்கு நேராக ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அச்சுல அடிச்ச காசு இல்லண்ணே. வார்த்திருக்காங்க. இங்க பாருங்க, குமிழ் விட்ட ஓட்டை. விளிம்புல அரத்தால ராவுன தடம்கூட இருக்கு” என்று கண்ணாடியை நீட்டினார்.

பெரியப்பா தானே பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். அரம் போன தடத்தைப் பார்த்தார். “ஆமா” என்றார். அவ்வளவுதான். வரும் வழியில், பல மாதங்களுக்குப் பிறகு அந்தத் தெருமுனைக் கடையில் நின்று இரண்டு டீ சொன்னார். கடைக்காரர் விசாரித்தபோது, மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கும் அதே மாதிரி ஒரு மெசேஜ் வந்திருக்குண்ணே. நாளைக்குப் பணம் கட்டச் சொல்லியிருக்கான்” என்றார். பெரியப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ராத்திரி பழைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நான் பிரின்ட் போட்டுக் கொடுத்த இரண்டு படங்களையும் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். கீழே தன் கையால் எழுதினார்:

‘அப்பா வைத்திருந்தது. வார்ப்பு வில்லை. எடை 21.4 கிராம். 1818 என்று இருக்கிறது. கம்பெனி காசு இல்லை. நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.’

தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார். காசை அந்தத் தாளோடு சேர்த்து மடித்து, அதே மஞ்சள் துணிக்குள் வைத்து, மறுபடி சாமி அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

செல்போனில் இருந்த பி.டி.எஃப்.பை மட்டும் அவர் அழிக்கவில்லை. கேட்டதற்கு, “இருக்கட்டும் பாப்பா. டீக்கடைல நாலு பேருக்குக் காட்டணும்ல” என்றார்.